கடன் நோட்டோடு வாசலில் நிற்கும் தனுகி

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வியை மண் பொம்மைகளின் முன்னால் யாராவது கேட்டால் எனக்குள் ஏதோ ஒன்று முகம் சுளிக்கும். கோயில் தூணின் முன்னால் கேட்டால் அப்படி ஆவதில்லை. அங்கே புராணம் இருக்கிறது, சொல்வதற்கு ஆளும் இருக்கிறது. ஆனால் கையளவு சுடுமண் உருவம் ஒன்று தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, யாரையோ எதிர்பார்த்து நிற்கும்போது, அதனிடம் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல என்றே எனக்குப் படும். எங்கே கிளம்பிவிட்டாய், யார் அனுப்பினார்கள், கையில் என்ன, ஏன் இந்த முழி? இப்படித்தான் கேட்கத் தோன்ற வேண்டும். கால் முளைத்த தேநீர்க் கெண்டியும், அழுத முகத்தோடு உட்கார்ந்திருக்கும் முயலும், தன் மூடியைத் தானே தூக்கிப் பார்க்கும் ஜாடியுமாக இன்றைய சுடுமண் சிற்பக் கண்காட்சிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலோ நினைவு, அடையாளம், இழப்பு என்று கனத்த சொற்கள். அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முயல் அழுகையை நிறுத்தியிருக்கும்.

இந்த எண்ணத்தோடுதான் நான் நெடுநாளாக இருந்தேன். ஷிகராகி என்னும் ஜப்பானியக் குயவர் ஊரின் மண் பொம்மையான தனுகி அதை ஓர் இடத்தில் நிற்க விடாமல் இழுத்துக்கொண்டே போனது. சித்தி ஒசாகாவுக்கு வந்த வசந்தத்தில் ஆரம்பித்தது அந்த இழுபறி.

ஜப்பானில் கொஞ்சம் நடந்தவர்கள் எல்லோரும் இந்தத் தனுகியைப் பார்த்திருப்பார்கள். சோபா என்னும் நூடுல்ஸ் விற்கும் கடை வாசலில், மதுக்கடை வாசலில், சில வீடுகளின் தோட்டத்து மூலையில், இரண்டு காலில் நிற்கும் மண் பிராணி. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்குதான் தனுகி; கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருப்பதால் ரக்கூன் நாய் என்றும் சொல்வார்கள். மனிதர்களை ஏமாற்ற உருமாறும் பிராணி என்று ஜப்பானிய நாட்டார் கதைகளில் அதற்குப் பழைய பெயர் உண்டு. மண் தனுகியின் தலைக்குப் பின்னால் சரிந்த வைக்கோல் தொப்பி, வட்டக் கண்கள், வெளுத்துப் பிதுங்கிய தொந்தி. ஒரு கையில் மதுக் குடுவை, இன்னொரு கையில் ஒரு சின்னப் புத்தகம். தொந்திக்குக் கீழே தரையைத் தொடுமளவுக்கு விதைப்பை. முதல் முறை பார்க்கிற நம்மூர்க்காரர்கள் அங்கேதான் திகைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் தனுகியின் தலையைத் தடவிவிட்டுக் கடைக்குள் போவார்கள்.

சித்தி திகைக்கவில்லை. எங்கள் தெருமுனை மதுக்கடை வாசலில் நின்ற தனுகியைக் குனிந்து, சுற்றி வந்து பார்த்தாள். கும்பகோணத்தில் மளிகைக்கடைப் பற்று நோட்டோடு வளர்ந்தவள். மாதம் முழுக்கச் சாமான் வாங்கி, முதல் தேதிக்குக் கணக்கு முடிக்கிற வீடு. அவள் கண் நேராகத் தனுகியின் கையிலிருந்த புத்தகத்தில் போய் நின்றது.

"ஏண்டி, இது கடன் நோட்டு இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கடன் நோட்டேதான். ஜப்பானில் அந்தக் காலத்து மதுக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடும் பற்று நோட்டு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடைக்காரர் அதில் எழுதிக் கொடுப்பார், பிறகு மொத்தமாகத் தீர்க்க வேண்டும். ஒரு எழுத்துகூட ஜப்பானிய மொழி தெரியாத சித்தி, ஒரு மண் பிராணி அதைப் பிடித்திருக்கும் விதத்திலிருந்தே அது என்ன என்று கண்டுகொண்டாள். "காசில்லாமக் குடிக்கப் போறான். அதான் சிரிச்சுக்கிட்டே நிக்கிறான் பாரு" என்றாள்.

அவள் சொன்னது பழைய கதைக்கு வெகு அருகில் இருந்தது. கோபேயை ஒட்டிய நாடா பகுதி அரிசி மதுவான சாகேக்குப் பேர்போனது. குட்டித் தனுகி குடியிருக்காத கிடங்கில் நல்ல சாகே தேறாது என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது. மழை தூறும் இரவில் குடுவையை எடுத்துக்கொண்டு சாகே வாங்கப் புறப்படும் குட்டித் தனுகியைப் பற்றி ஒசாகா, கியோட்டோ வட்டாரத்தில் வாய்வழியாக ஒரு வழக்கும் உண்டு. கடைக்காரர் காசு வாங்கிப் பெட்டியில் போடுவார். விடிந்து பார்த்தால் பெட்டியில் இலை கிடக்கும். தொப்பி அந்த மழைக்கு, குடுவை அந்தச் சாகேக்கு, நோட்டு அந்தக் கடைக்கு. எல்லாம் ஒரே இரவின் பொருள்கள். தனுகி பாதி வழியில் நிற்கிறது. புறப்பட்ட வீடும் தெரியவில்லை, போய்ச் சேரும் கடையும் தெரியவில்லை. நல்ல மண் உருவம் இப்படித்தான் ஒரு காரியத்தின் நடுவில் அகப்பட்டு நிற்கிறது என்பது என் எண்ணம். முன்னும் பின்னும் நம் வசம் விடப்படுகிறது.

எட்டு அர்த்தங்கள்

சித்திக்கு ஒரு சின்னத் தனுகி வாங்கித் தரலாம் என்று கடைக்குப் போனபோது, அதன் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது. கடைக்காரப் பெண்மணி மிகுந்த அன்போடு அதை வரி வரியாக விளக்கினார். தொப்பி, எதிர்பாராத ஆபத்திலிருந்து காத்துக்கொள்ளும் முன்னெச்சரிக்கை. பெரிய கண்கள், நாலாபுறமும் பார்த்துச் சரியாக முடிவெடுப்பது. சிரித்த முகம், எல்லோரிடமும் இனிமை. குடுவை, உணவுக்கும் நற்குணத்துக்கும் குறைவில்லாமை. நோட்டு, நம்பகம். தொந்தி, பதறாத துணிச்சல். பை, செல்வம். தடித்த வால், எடுத்த காரியத்தை உறுதியாக முடித்தல். சித்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எனக்கு உள்ளுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. கடனுக்குச் சாகே வாங்கி, இலையைக் காசாக்கிக் கொடுத்துவிட்டு ஓடுகிற பிராணியின் கையிலிருக்கும் நோட்டுக்கு நம்பகம் என்று பெயர் வைப்பதா?

வீட்டுக்கு வந்ததும் அந்த எட்டு அர்த்தங்களும் எப்போது வந்தன என்று தேடிப் படித்தேன். தனுகி உருவங்களை மண்ணில் செய்யும் வழக்கம் முன்பே இருந்ததுதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் இந்த உருவத்தை ஷிகராகியில் நிலைநிறுத்தியவர் ஃபுஜிவாரா தெத்சுசோ என்னும் குயவர். 1876-இல் பிறந்து 1966-இல் மறைந்தவர். 1930-களின் நடுவில் ஷிகராகிக்குக் குடிவந்து, தனுகி செய்வதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தார். சிறுவயதில் ஒரு நிலா இரவில் தனுகிகள் வயிற்றில் தாளம் தட்டுவதைக் கண்டாராம், அன்று பிடித்தது விடவில்லையாம். 1951 நவம்பரில் பேரரசர் ஹிரோஹிட்டோ ஷிகராகிக்கு வந்தார். ஊர்க்காரர்கள் தனுகிகளின் கையில் ஜப்பானியக் கொடியைக் கொடுத்துச் சாலையோரம் வரிசையாக நிறுத்தி வரவேற்றார்கள். அதைப் பார்த்து நெகிழ்ந்த பேரரசர், சின்ன வயதில் தாம் தனுகி பொம்மைகள் சேர்த்ததை நினைத்து ஒரு கவிதை எழுதினார். செய்தி நாடெங்கும் பரவ, தனுகி ஷிகராகியின் முகமாகிவிட்டது. எட்டு அர்த்தங்கள் எழுதப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு, 1952-இல்.

ஆக முதலில் வந்தது உருவம். பிறகுதான் சீட்டு. தேதியைக் கண்டுபிடித்ததும் வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது. சித்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "சரிடி, அர்த்தம் இருந்தா என்ன தப்பு? கடையில வெச்சிருக்கிறவனுக்கு நாலு நல்ல வார்த்தை வேணாமா? குடிகாரன்னு சொல்லியா விப்பான்?" எனக்குப் பதில் வரவில்லை. போரில் தோற்று, பசியில் கிடந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த நாடு அது. புதிதாகக் கடை திறக்கிறவர் வாசலில் நிறுத்த ஒன்றைத் தேடுகிறார். சிரிக்கும் பிராணியைக் கொடுத்து, கூடவே எட்டு நல்ல வார்த்தைகளையும் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் ஒரு கனிவு இருப்பதை இப்போது மறுக்க மாட்டேன். ஆனாலும் சீட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே மனதில் இருந்தன.

சித்தி ஊருக்குக் கிளம்பும்போது தனுகியைப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சுற்றி வைத்தாள். சீட்டைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

ஷிகராகி

ஷிகராகிக்கு நான் தனியாகப் போனது அதற்கப்புறம். குசட்சுவிலிருந்து கிபுகாவா வரை ஒரு ரயில், அங்கிருந்து மலைக்குள் ஏறும் ஒற்றைத் தண்டவாளத்தில் சிறிய ரயில், சுமார் 15 கிலோமீட்டர். இந்தப் பாதையில் 1991 மே 14 அன்று இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 42 பேர் இறந்தார்கள், அறுநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஷிகராகியில் அப்போது உலகச் சுடுமண் கலைவிழா நடந்துகொண்டிருந்தது. ரயிலில் நெருக்கியடித்து நின்றவர்களில் பெரும்பாலோர் மண் சிற்பங்களைப் பார்க்கப் போனவர்கள். என்னைப் போலவே. வழியில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த இடத்தைக் கடந்துதான் ரயில் தனுகிகளின் ஊருக்குள் நுழைகிறது. நடைமேடையிலேயே அவை கும்பலாக நின்று சிரிக்கின்றன. தொப்பிக்கு எழுதியிருந்த வரி, எதிர்பாராத ஆபத்து என்பது, அங்கே நினைவுக்கு வந்தபோது கடையில் கேட்ட மாதிரி இல்லை. அந்த வரியை எழுதியவருக்கு 1991 தெரியாது. ஆனால் இந்த ஊர்க்காரர் ஒருவர் இன்று தன் வீட்டுத் தனுகியின் தொப்பியைத் துடைக்கும்போது அந்த வரி வெறும் வியாபார வாசகமாக இருக்காது என்று தோன்றியது.

ஜப்பானின் ஆறு தொல்சூளை ஊர்களில் ஷிகராகி ஒன்று. பீவா ஏரி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வேறிடத்தில் பரந்து கிடந்தபோது அதன் அடியில் படிந்த மண்தான் ஊரின் சொத்து. கரடுமுரடான மண், உள்ளே வெண்கற்பொடி கலந்தது, பெரிய உருவங்களைத் தாங்கும். ஆள் உயரத் தனுகி சரிந்துவிடாமல் எழுவதற்கு அந்த மண்தான் காரணம். ஒரு காலத்தில் ஊர் முழுவதும் கரியடுப்புச் சட்டிகளைச் செய்தது. வீட்டுக்குள் குளிருக்குக் கை காட்டிக்கொள்ளும் நீலப்பூச்சு போட்ட பெரிய சட்டிகள், நாட்டின் தேவையில் பெரும்பகுதியை இந்த ஊரே செய்தது. மின்சார அடுப்பும் எண்ணெய் அடுப்பும் வந்ததும் அந்தத் தொழில் சட்டென்று சாய்ந்தது. பிறகு பூந்தொட்டி, சுவர் ஓடு, தோட்டத்து நாற்காலி. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்காக ஒகாமோட்டோ தாரோ எழுப்பிய சூரியக் கோபுரத்தின் முதுகில் இருக்கும் கறுப்புச் சூரியன் ஷிகராகி ஓடுகளால் ஆனது. அதைப் பலமுறை பார்த்திருந்தும் எங்கே சுட்டது என்று நான் யோசித்ததில்லை.

சூளை முற்றங்களில் தனுகிகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. மட்டை பிடித்த தனுகி, ஜோடித் தனுகி, வரவேற்புப் பலகை ஏந்திய தனுகி. பெரும்பாலானவை சுண்ண அச்சில் எடுத்தவை. அச்சின் இரு பாதியிலும் களிமண்ணை அழுத்தி, இரண்டையும் ஒட்டி, பொருத்திய கோட்டை விரலால் தேய்த்து மறைத்துவிட்டு, கையையும் குடுவையையும் தொப்பியையும் தனியே செய்து சேர்க்கிறார்கள். மிகப் பெரியவற்றை மண்கயிறு திரித்து அடுக்கடுக்காக எழுப்புகிறார்கள். உள்ளே கூடாக இருக்க வேண்டும், சுவர் எங்கும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும், காற்றுப் போக எங்காவது ஒரு துளை வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ஆவியாகிச் சூளைக்குள்ளேயே வெடித்துவிடும். காய்ந்து சுட்டு வரும்போது உருவம் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் சுருங்கியிருக்கும். அச்சில் எடுத்தாலும் இரண்டு தனுகிகளின் முகம் ஒன்றாக இல்லை. மண் ஈரமாக இருக்கும்போது கண்ணோரம் பட்ட ஓர் அழுத்தம் ஒன்றைத் தூங்குமூஞ்சியாகவும் இன்னொன்றைக் கள்ளனாகவும் ஆக்கிவிடுகிறது. நான் அங்கே நெடுநேரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவன் கடையை அடைந்துவிட்டான், இவன் வழியிலேயே குடித்துவிட்டான், இவன் நோட்டைத் தொலைத்துவிட்டு வேறொருவன் நோட்டை வைத்திருக்கிறான். இந்த விளையாட்டு எனக்கு எளிதாக வரும். கொலுப்படிக் கீழே உட்கார்ந்து, செட்டியார் கடையில் பருப்புக் கேட்டு வந்த போலீஸ்காரனையும் ஜாடி சுமந்த மாமியையும் சண்டை போட வைத்த கையல்லவா.

தலைப்பு என்னும் சின்னத் தள்ளல்

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய நவீன சுடுமண் சிற்பத்தின் திருப்பமாக எல்லோரும் காட்டுவது, கியோட்டோக் கலைஞர் யாகி கசுவோ 1954-இல் செய்த 'திரு சாம்சாவின் நடை'. அவரும் நண்பர்களும் 1948-இல் சோதெய்ஷா என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள். மண்ணில் செய்வது எதையாவது ஊற்றி வைக்கும் பாத்திரமாகத்தான் இருக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. சக்கரத்தில் வனைந்த ஒரு வளையத்தை நிமிர்த்தி நிறுத்தி, சுற்றிலும் சின்னச் சின்னக் குழாய்களை ஒட்டினார் யாகி. அவ்வளவுதான் அந்தச் சிற்பம். காஃப்காவின் கதையில் காலையில் பூச்சியாக எழுந்தவனின் பெயரை அதற்குச் சூட்டியதும் குழாய்களெல்லாம் கால்களாகி உருளத் தொடங்கிவிடுகின்றன. தலைப்பை எடுத்துவிட்டால் அது வளையம். தலைப்பு வந்தால் நடை. இதை நான் சீட்டோடு சேர்க்க மாட்டேன். சீட்டு தனுகியை நிறுத்திவைக்கிறது. யாகியின் தலைப்பு வளையத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வார்த்தையே கூடாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. எந்த வார்த்தை என்பதுதான் என் கவலை.

பேசாத உருவங்கள்

மண் சிற்பி சவாதா ஷினிச்சியின் உருவங்களை நேரில் பார்த்தபோது இந்தக் கவலைகூட எடுபடவில்லை.

ஷிகராகி இருக்கும் ஷிகா மாநிலத்திலேயே உள்ள ஓமிஹச்சிமானில் ஒரு பழைய வணிகர் வீட்டில் நோ-மா என்ற சிறு அருங்காட்சியகம் 2004-இலிருந்து இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகளின் படைப்புகளையும் மற்றவர்களின் படைப்புகளையும் ஒரே அறையில், வேலி போடாமல் வைக்கும் இடம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்த் தரையில் நடக்க வேண்டும். அங்கே தாழ்ந்த மேடையில் அவருடைய உருவம் ஒன்று இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. செம்பழுப்பு நிறம், பூச்சு எதுவும் கிடையாது, விறகுச் சூளையின் சாம்பலும் தீயும் தொட்ட இடங்கள் மட்டும் கருத்தும் வெளுத்தும் இருந்தன. உடம்பு முழுக்க முள். நெற்றியில், கன்னத்தில், முதுகில், காலிடுக்கில், வரிசை வரிசையாக, நெருக்கமாக, விரல்நுனி அளவு முட்கள். நடுவில் அகன்ற கண்ணும் திறந்த வாயும் கொண்ட முகம். சுற்றிவந்தால் பின்னாலும் ஒரு முகம்.

நான் வழக்கம்போலக் கேட்டேன். எங்கே கிளம்பினாய்? யார் அனுப்பினார்கள்? பதில் இல்லை. அது எங்கும் போகவில்லை. கையில் எதுவும் இல்லை. எதன் நடுவிலும் அகப்பட்டு நிற்கவில்லை. முழுசாக அங்கே இருந்தது, அவ்வளவுதான். தலைப்பும் கிடையாது, அவருடைய உருவங்கள் எல்லாமே தலைப்பில்லாதவை. எத்தனையோ கதைகளை ஒரு நொடியில் கட்டுகிற என் மூளை அந்த முட்களுக்கு முன்னால் எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல் நின்றது. ஆந்தை என்று ஆரம்பித்தேன், நிலைக்கவில்லை. எறும்புத்தின்னி என்றேன், அதுவும் இல்லை. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பேய், காவல் தெய்வம், முகமூடி, கார்ட்டூன் பிராணி என்று ஆளுக்கொரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரும் சிறிது நேரம் ஒட்டியிருந்துவிட்டு உதிர்ந்துவிடுகிறது. 'விளையாட்டுத்தனம்' என்ற சொல்லும் அப்படியே உதிர்ந்தது.

சவாதா 1982-இல் ஷிகா மாநிலத்தில் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர், மிகக் குறைவாகவே பேசுவார். பள்ளி முடித்தபின் 2001-லிருந்து ஒரு நலவாழ்வு அமைப்பின் வழியாக மண் வேலை செய்கிறார். மலையடிவாரத்தில் ஒரு சிறிய பட்டறையில் வேலை, விறகுச் சூளையில் சுடுதல். 2013-இல் வெனிஸ் பினாலே என்னும் உலகக் கலைக் கண்காட்சியில் அவருடைய உருவங்கள் வைக்கப்பட்ட பிறகு உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கின்றன. அவர் எதையும் விளக்கியதில்லை. அது ஏதோ மர்மம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வேலை மண்ணோடு, நம்மோடு அல்ல.

நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த நான், வேறு வழியில்லாமல் முட்களைப் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் அது நடந்தது. ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக உருட்டப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. சிறிது மண்ணைக் கிள்ளி, இரு விரலுக்கு நடுவில் உருட்டிக் கூராக்கி, உடம்பில் வைத்து அழுத்தியிருக்கிறார். சிலவற்றின் அடியில் அழுத்திய விரலின் குழி அப்படியே சுட்டு நின்றிருந்தது. ஒரு வரிசை தோளைச் சுற்றி வளைந்து, இடமில்லாத இடத்தில் முட்கள் சற்றுச் சிறுத்து, மறுபடி அகன்ற முதுகில் பெருத்துப் போயின. எங்கேயும் தயக்கம் தெரியவில்லை, எங்கேயும் அவசரமும் தெரியவில்லை. முதல் முள் எங்கே ஆரம்பித்திருக்கும், எது கடைசி முள் என்று தேட ஆரம்பித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தேடத் தேட, அந்த உருவத்தோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்த பிற்பகல்கள் என் முன்னால் விரிந்தன. தனுகியிடம் எனக்குக் கிடைத்தது தனுகியின் கதை. இங்கே எனக்குக் கிடைத்தது ஒரு கை ஒரு மண்ணோடு கழித்த நேரம். அதையும் கதை என்றுதான் நான் சொல்வேன். தொடக்கமும் முடிவும் எனக்குத் தெரியாத, ஆனால் ஒவ்வோர் அடியும் கண்முன்னே கிடக்கிற கதை.

ஷிகாவில் இது திடீரென்று முளைத்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1946-இல் இதோகா கசுவோவும் அவருடைய தோழர்களும் ஓமி ககுவென் என்ற இல்லத்தை இங்கே தொடங்கினார்கள். போரில் அநாதையான பிள்ளைகளும் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளும் சேர்ந்து வாழ்ந்த இடம். பக்கத்திலேயே நல்ல மண் இருந்ததால் மண் வேலை வந்தது. முதலில் அது பிழைப்புக்கான தொழில். அவர்களில் ஒருவரான இகேதா தாரோ 1950-களின் தொடக்கத்தில் ஷிகராகியிலேயே ஓர் இல்லம் அமைத்தார். அங்கிருந்த இளைஞர்கள் ரயில் பயணிகளுக்கு விற்கும் சின்ன மண் தேநீர்க் கெண்டிகளைச் செய்தார்கள். சூளைக்காரர்கள் அவர்களைத் தங்கள் பட்டறைகளில் சேர்த்துக்கொண்டார்கள். 'திரு சாம்சாவின் நடை'யைச் செய்த அதே யாகி கசுவோ இத்தகைய இல்லங்களுக்குப் போய் அந்தப் பிள்ளைகளின் மண் வேலையோடு இருந்தவர். தனுகிக்கு எட்டு அர்த்தங்கள் எழுதப்பட்ட அதே காலத்தில், அதே மண்ணில், அர்த்தம் கேட்கப்படாத உருவங்களும் உருண்டுகொண்டிருந்தன. ஷிகராகி என்றதும் சிரிக்கும் தனுகியை மட்டும் காட்டுகிற சுற்றுலாப் புத்தகங்கள் இதை ஒரு வரியிலாவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நோ-மாவிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் தெருமுனைத் தனுகியின் முன்னால் நின்றேன். தொப்பிக்கும் தலைக்கும் நடுவே, பொருத்திய கோட்டை யாரோ கட்டைவிரலால் தேய்த்த தடம் இருந்தது. எத்தனையோ முறை கடந்துபோன பொம்மை, ஒரு தடவையும் நான் அதைப் பார்த்ததில்லை. நோட்டைப் பார்த்திருந்தேன், முழியைப் பார்த்திருந்தேன். இரண்டு மாதிரியும் பார்க்கத்தான் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எதை முதலில் என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

அந்த ஆண்டு நவராத்திரிக்குச் சித்தி போட்டோ அனுப்பினாள். நான் நினைத்தபடியே தனுகி கீழ்ப்படியில், செட்டியார் கடைக்கு முன்னால் நின்றது. சீட்டு கழுத்திலேயே இருந்தது. அர்த்தம் கேட்ட பெரியவர்களுக்கு எட்டையும் சொன்னாளாம். பிள்ளைகளுக்கு, இவன் போன மாசப் பாக்கியே இன்னும் தரலை என்று சொன்னாளாம். செட்டியாருக்கு எதிரில் வைத்ததால் பிள்ளைகள் உடனே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டார்களாம்.

அன்று தொலைபேசியில் சவாதாவின் உருவத்தைப் பற்றிச் சொன்னேன். "அது என்னடி பண்ணுது?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை சித்தி, உடம்பெல்லாம் முள், ஒவ்வொன்றும் கையால் உருட்டியது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஈரமா இருக்கும்போதே ஒட்டணுமா, காஞ்சப்புறமா?"

ஈரத்திலேயே, இரண்டு மண்ணும் ஒரே பதத்தில் இருக்கும்போது, நடுவில் கொஞ்சம் குழைசேறு தடவி என்றேன்.

"சின்ன முள்ளு சீக்கிரம் காஞ்சிருமே? உடம்பு ஈரமா இருக்கிறப்போ முள்ளு மட்டும் காஞ்சா இழுத்துக்கிட்டு விழுந்துடாது?"

விழும், அதனால் மூடி வைத்து மெதுவாகக் காயவிடுவார்கள் என்றேன். எதை வைத்து மூடுவார்கள், எத்தனை நாள், சூளையில் வைக்கும்போது முள்ளில் கை படாமல் எப்படித் தூக்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். தெரிந்ததைச் சொன்னேன். தூக்கும் விஷயம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை ஷிகராகி போனால் யாரிடமாவது கேட்டு வா என்றாள்.